பதினோரு மணிப் பூட்டு

"நாற்பது பெட்டி விவரத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன் சார். திரும்பிப் பார்த்தா ஒண்ணுகூட இல்ல" என்று போன மாதம் ஜோதிமணி சொன்னபோது, மேனேஜர் ஜெகதீஷ் கேட்டது இன்னும் அவள் காதில் இருக்கிறது. "கம்ப்யூட்டர் தின்னுடுச்சா? இந்தக் கவனத்துக்குத்தான் மூணு வருஷமா கான்ட்ராக்ட்லயே இருக்கே."

இப்போது அதே மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சமோசா எண்ணெய் பட்ட விரலை அவளுடைய டெஸ்பாட்ச் தாளிலேயே துடைக்கிறார். குருபரப்பள்ளி ஹைவேயில் லாரி போகும்போதெல்லாம் குடோனின் தகரக் கூரை அதிர்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் மோகனப்ரியா திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுகிறாள். "தினமும் பதினோரு மணிக்கு யாரோ ஒரு பெட்டியோட பதிவைத் திருத்தறதுக்குத் திறந்துட்டு, மூடாமலே போயிடறாங்க. அது பூட்டிக்கிடுது. அந்த நேரத்துல இவங்க ஏத்தினதுல அந்த ஒண்ணு நுழைய முடியாம, கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு சிஸ்டம் நாற்பதையும் ரத்து பண்ணிடுது. லாகின் உங்களுது சார்." மேனேஜர் தொண்டையைச் செருமுகிறார். "வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு திறந்து வெச்சுட்டு டீக்குப் போவேன்." பஸ் சீட்டில் கைக்குட்டை போடுகிற புத்தி. இந்த ஆளுக்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்று ஜோதிமணிக்கு அருவருப்பாக இருக்கிறது. சென்ட் வாசனையையும் கழுத்தில் தொங்கும் கார்டையும் எடுத்துவிட்டால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? "சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடுங்க மேடம்" என்று அவர் பல்லைக் காட்டுகிறார். மோகனப்ரியா எதையும் எழுதாமல் பேனாவை மூடி வைக்கிறாள். ஜோதிமணி உட்கார்ந்தபடியே நாற்காலியை அவர் பக்கம் திருப்புகிறாள்.

"சார், என்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி இன்னிக்கே லெட்டர் எழுதிக் கொடுங்க."