காப்பாற்ற வந்த குதிரை

மதச் சண்டையில் தன் மதத்தாரைக் காப்பாற்ற டென்மார்க் ராஜாவின் படை ஒரு ஜெர்மன் கிராமத்துக்கு வந்து தங்கியது. படைக்குதிரை ஒன்றை மாட்டுக்கொட்டகையில் கட்டினார்கள். அது நேராகப் பசுவின் தொட்டிக்குள் வாயை விட்டது.

"யாரப்பா நீ?" என்றது பசு.

"உங்க ஆள்தான். நாமெல்லாம் ஒரே மதம். எதிர் மதத்துப் படை வந்தால் சும்மா விடாது."

"ஐயோ, என்ன பண்ணும்?"

"வைக்கோல் ஒன்று விடாமல் தின்றுவிடும்," என்றது குதிரை, மென்றுகொண்டே.

குளிர்காலத்துக்குச் சேர்த்த வைக்கோல் தீர்ந்தது. சிப்பாய்கள் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். குதிரை அதையும் தின்றது. பசுவின் முதுகில் பனி கொட்டியது.

பசு அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டது: "அவர்கள் எப்போது வருவார்கள்?"

"இனி எதற்கு வரப்போகிறார்கள்?" என்றது குதிரை பெருமையாக. "இங்கேதான் ஒன்றுமே இல்லையே!"