கால் சுற்று

கட்டிலில் உட்கார்ந்து பேஸ் கிட்டாரை மடியில் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தைப் பார்த்தான்.

வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா? தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இப்படிப் பார்த்ததே இல்லை.

உள்ளறையில் ஜெசிந்தா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ரயில். பொன்மலையில் அவளுடைய அக்கா வீடு. கொஞ்ச நாளைக்கு என்றாள். எத்தனை நாள் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள் என்பதே மைத்துனன் வாய் தவறி உளறித்தான் தெரிந்தது.

சண்டை ஒன்றும் இல்லை.

சண்டை போடவும் தெம்பு வேண்டும். கட்டிய புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அது தீர்ந்துபோய் நாளாகிவிட்டது.

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அதனால் கிட்டாரை எடுத்தான்.

கல்யாணமான புதிதில் அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஜிர்ர் சத்தம் இல்லாமல் வாசிக்க முடியாதா என்று.

கழுத்தின் குறுக்கே வரிசையாக உலோகப் பட்டைகள். தடித்த கம்பியை ஓர் இடத்தில் அழுத்தி மீட்டினால் அடுத்த பட்டையில் போய் உரசும். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல ஜிர்ர் என்று இரையும்.

கல்யாண மண்டபத்தில் அது யாருக்கும் கேட்காது. மேடையில் ஸ்பீக்கர் அலறும், பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்பார்கள். அவன் வாசிப்பதே பாதிப் பேர் காதில் விழாது. உரசல் எங்கே விழப் போகிறது?

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வெறும் கம்பியில்தான் பயிற்சி. பேஸின் தணிந்த அசல் நாதம் அவன் வயிற்றில் அதிர்ந்து அங்கேயே அடங்கிவிடும். சுவரைத் தாண்டிப் போவது ஜிர்ர் மட்டும்தான்.

அவன் சங்கீதம் என்று அவள் இத்தனை காலம் கேட்டது அதைத்தான்.

இன்று மத்தியானம்தான் இது அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கிட்டார் உறையின் ஓரப் பையைத் துழாவினான். திருகுகிற சின்னச் சாவி கிடைத்தது. கிட்டார் வாங்கியபோது கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தான்.

கழுத்தின் நுனியில் ஒரு மூடி. அதைக் கழற்றினால் உள்ளே ஓடி, கழுத்தின் வளைவைப் பிடித்து வைக்கும் இரும்புத் தண்டின் தலை. சாவியை நுழைத்துக் கால் சுற்று தளர்த்தினான்.

கழுத்து ஒடிந்துவிடும் என்று யாரோ எப்போதோ பயமுறுத்தியிருந்தார்கள்.

ஒடியவில்லை.

கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே போதுமான இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க எதையாவது செருக வேண்டும். பர்ஸிலிருந்து தான் வாசிக்கும் கச்சேரிக் குழுவின் விசிட்டிங் கார்டை எடுத்தான். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா. பாடகர்களின் பெயர்கள் கொட்டை எழுத்தில். அவன் பெயர் அதில் இல்லை. அளவு பார்க்கவாவது உதவியது.

அடியில், கம்பி உட்காரும் இடத்தில், திருகைக் கொஞ்சம் ஏற்றினான். சுருதி சேர்த்தான்.

அழுத்தினான்.

சுத்தம்.

அடுத்த இடம். அதுவும் சுத்தம். அதற்கடுத்ததும்.

அலுப்பையெல்லாம் மீறி ஒரு சந்தோஷம் வந்தது. தனக்கு இப்படி ஒன்று இன்னும் வரும் என்பதையே அவன் மறந்திருந்தான். மேலேயும் கீழேயும் விரல்களை ஓட்டி வாசித்தான்.

உள்ளே அரவம் நின்றது.

ஜெசிந்தா கதவருகே வந்து நின்றாள். சத்தம் வராததால் அவன் எங்கோ எழுந்து போய்விட்டான் என்று நினைத்திருக்கிறாள். விரல்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

பக்கத்தில் வந்து கேட்கச் சொன்னான். வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கிட்டாரின் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள்.

தணிந்த, உருண்டையான நாதம். அவள் முகம் கொஞ்சம் இளகியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறான். இன்னும் வாசித்தான். ரயில் போய்விடும் வரைக்கும் வாசிக்கலாம் என்று தோன்றியது.

யார் வந்து சரிசெய்தது என்று கேட்டாள்.

தானேதான் என்றான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

அவள் கட்டிலில் கிடந்த சாவியை எடுத்தாள். விரல் நீளம்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேஸுன்னா அப்படித்தான் சத்தம் வரும், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னீங்களே."

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். அத்தனை வருடமும் அதை நம்பித்தான் பொறுத்துப் போயிருக்கிறாள்.

அவன் விரல் கம்பியிலேயே நின்றுவிட்டது.

 சாவியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். இங்கேயே இருக்கட்டும் என்று காலையில் ஒதுக்கி வைத்த புடவைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.