மீட்டர் முள் பாதியில் நின்றது

குளியலறையோடு கட்டிய சுற்றுலா வேன் அது. அடியில் தொங்கிய கழிவுநீர்த் தொட்டிக்குக் கழுத்துவரை நீர் வந்துவிட்டது. மேலேயிருந்து குளித்த தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“நிரம்பிட்டேன், சீக்கிரம் சொல்லித் தொலை!” என்று, தன் நீர்மட்டத்தைக் காட்டக் குளியலறைச் சுவரிலிருந்த மீட்டரிடம் கத்தியது தொட்டி.

“என் முள் பாதியிலதான் நிக்குது,” என்றது மீட்டர்.

“என்னைக் கழுவி ஆறு மாசமாச்சு. உன் மிதவை என் பிசுக்குல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு!”

“இருக்கட்டுமே. இங்க எல்லாரும் என்னைத்தான் நம்புறாங்க.”

தொட்டியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கறுப்புத் தண்ணீர் குளியலறைத் தரையில் குபுகுபுவென்று பொங்கியது.

குளித்துக்கொண்டிருந்த வேன்காரர் ஞானதுரை பதறிப்போய்க் குழாயை மூடினார். கணுக்கால்வரை சாக்கடையில் நின்றபடியே எட்டி மீட்டரைப் பார்த்தார்.

“பாதிதானே இருக்கு!” என்று நிம்மதியாகக் குழாயை மறுபடி திறந்தார்.