சிவப்புக் கண்ணாடியின் வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. விடுதியின் பார்வையாளர் கூடத்து வண்ணக் கண்ணாடியில் இயேசுவின் சிவப்பு மேலாடை வழியே இறங்கும் வெயில், பெற்றோர் வந்து அமரும் பெஞ்சின்மேல் ஒரு முழ அகலத்துக்குச் சிவந்து கிடக்கிறது. கோகுலராஜின் கையில் இயற்பியல் தேர்வுத்தாள். அதில் பாடம் நடத்தும் பிரதர் சிவப்பு மையில் போட்ட, நூற்றுக்கு முப்பத்தொன்று. இன்றைக்கு அப்பா அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தாளை எங்கே ஒளிப்பது என்று பெஞ்சின்மேல் நகர்த்துகிறான். சிவப்பு வெளிச்சத்துக்குள் போனதும் மதிப்பெண்ணைக் காணவில்லை. அவன் நீல மையில் எழுதிய விடைகள் மட்டும் கறுப்பாக நிற்கின்றன. வெளியே இழுக்கிறான், முப்பத்தொன்று. உள்ளே தள்ளுகிறான், வெறும் தாள். "டேய், உங்கப்பா வந்துட்டாரு லா, மடிச்சு வை!" என்று பக்கத்திலிருந்து இடிக்கிறான் விடுதித் தோழன் நிவேந்திரன். கோகுலுக்குக் காதில் ஏறவில்லை. வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் இந்த வெளிச்சத்தில் ஒரே சிவப்பைத்தானே திருப்பி அனுப்புகின்றன, கண் எதை வைத்துப் பிரிக்கும்? செங் வட்டாரத் தொழிற்சாலைச் சீருடையோடு வந்த அப்பா உட்காருவதற்குள், "அப்பா, இங்க பாருங்க, மறையுது!" என்று தாளை உள்ளும் வெளியுமாக இழுத்துக் காட்டுகிறான். அப்பா முழங்காலில் கையூன்றிக் குனிகிறார். "அட, ஆமாலா. இன்னொரு தடவ காட்டு." காட்டுகிறான். "நல்லாத்தான் மறையுது. வெளிய வர்றப்ப அது என்னா நம்பர்டா?"