டீலர் மெசின்

“தம்பி, அந்த விளையாட்டுச் சாமானை என்ர காருக்குக் கிட்டக் கொண்டு வராதையும்!”

பத்திநாதர் போட்ட சத்தம் சென்ட் லோரன்ட் கராஜ் முழுக்கக் கேட்டது. காலையில் தேவாலயப் பூசையில் பைபிள் வாசகம் வாசித்த அதே குரல்தான். மைக் மட்டும் இல்லை.

மெக்கானிக் உருத்திரமூர்த்தியின் கையில் இருந்தது உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் ஸ்கானர். காரில் செருகினால் என்ன பிழை என்று சொல்லும்; பொத்தானை அமத்தினால் அந்தப் பதிவை அழித்தும் விடும். கடையில் ஆரும் வாங்கலாம்.

“அண்ணை, கார் வாங்கப் போறது நிரஞ்சனி. செக் பண்ணித் தரச் சொல்லி அவதான் கேட்டவ.”

பக்கத்தில் நின்ற நிரஞ்சனிக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு கல்லூரிச் சமையலறையில் வேலை. விடிய ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. இவ்வளவு நாளும் ஏற்றிப்போன சிநேகிதி டொரன்டோவுக்குப் போய்விட்டாள். நாளைக்குக் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. மூன்று வருசமாகச் சேர்த்தது அத்தனையும் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

பத்திநாதர் அவள் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். இது டீலரைத் தவிர வேற ஆற்ற கையும் படாத கார். அவங்கட மெசின் ஆசுப்பத்திரி ஸ்கான் மாதிரி. எஞ்சின், பிரேக், எயார்பாக் எண்டு ஒண்டும் விடாது. மூர்த்தியின்ர பெட்டி சும்மா கை நாடி பிடிக்கிற மாதிரி. அதுக்கு என்ன தெரியும்?”

“உண்மைதான் அண்ணை. இதுக்கு பிரேக்கும் தெரியாது, எயார்பாக்கும் தெரியாது. எஞ்சின் மட்டும் கொஞ்சம் தெரியும்.”

சொல்லிக்கொண்டே செருகியும் விட்டான்.

‘பிழை எதுவும் இல்லை’ என்றது பெட்டி.

“பாத்தீரோ!” பத்திநாதருக்கு வாயெல்லாம் பல். “மெசினே சொல்லிப்போட்டுது. இனி என்ன? காசை எடும் பிள்ளை, பேந்து எனக்குக் கோயில்ல கூட்டம் இருக்கு.”

விளையாட்டுச் சாமானுக்கு அதற்குள் மெசின் என்று பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

நிரஞ்சனி கைப்பையைத் திறந்தாள்.

“கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி.” உருத்திரமூர்த்தி இன்னொரு பொத்தானை அமத்தினான். “பிழை இல்லைத்தான். ஆனா இருந்ததை ஆரோ அழிச்சிருக்கினம். அழிச்ச பிறகு கார் ஓடினது பதினொரு கிலோமீற்றர்.”

“அது... டீலர் அழிச்சிருப்பான். அவங்கள் எல்லாம் திருத்தித் துடைச்சுத்தான் தருவாங்கள்.”

“உங்கட வீட்டிலயிருந்து கோயில், கோயிலிலயிருந்து இஞ்ச. பதினொண்டுதானே வரும் அண்ணை? இண்டைக்கு ஞாயிறு. டீலர் பூட்டு.”

“உம்மட பெட்டி பொய் சொல்லுது! மலிவுச் சாமான் எண்டால் உப்பிடித்தான்.”

பதவி பறிபோய்விட்டது.

நிரஞ்சனிக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்தக் காரை விட்டால் நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது? டீலர் முத்திரை குத்திய சேர்விஸ் புத்தகமாவது இருக்காதா என்று காருக்குள் ஏறி, முன் இருக்கைக்கு எதிரே இருந்த லாச்சிப் பெட்டியில் கை வைத்தாள்.

“அதைத் திறக்காதையும் பிள்ளை!”

பத்திநாதர் பாய்ந்து வருவதற்குள் லாச்சி திறந்துவிட்டது. உள்ளே புத்தகம் இல்லை. மஞ்சளாய் ஒன்று இருந்தது. உருத்திரமூர்த்தி கையில் இருந்த அதே சாமான், வயர் கூடச் சுற்றி வைக்கவில்லை.

நிரஞ்சனி அதை வெளியே எடுத்தாள். கைப்பையை இழுத்து மூடினாள்.

“அங்கிள், உங்கட டீலர் இதுக்குள்ளயோ இருக்கிறார்?”