பத்துப் புள்ளிக்காரி

ஹவுன்ஸ்லோவில் ஒரு பள்ளி மண்டபம். ஐரோப்பியத் தமிழர் பாட்டுப் போட்டியின் கடைசி வாக்கை அறிவிக்க லண்டன் நடுவர் வாமதேவன் எழுந்து நிற்கிறார். இதுவரை எல்லா நாடுகளும் உச்சப் புள்ளியான பன்னிரண்டைத் தத்தம் பக்கத்து நாட்டுக்கும், பத்தைப் பின்லாந்துக் கோசிகாவுக்கும் கொடுத்திருக்கின்றன. பத்துகளாலேயே ஏறிவந்தவள் இப்போது பிரான்சோடு சமமாக நிற்கிறாள். பிரான்சுக்குப் பாடியவள் வாமதேவனின் பாரிஸ் அக்காவின் மகள். ஜன்னல் வெயிலில் அவர் தாளைப் பிரித்து வாசிக்கிறார். "பிரான்ஸ், பத்து. பின்லாந்து, பன்னிரண்டு." சொல்லிவிட்டு உட்காருகிறார். "இனி அக்கா வீட்டுப் படி ஏற ஏலுமே?" என்கிறார் பக்கத்திலிருக்கும் மனைவி குமுதினி. "பாரிசிலை ஹோட்டல் இருக்குத்தானே," என்கிறார் அவர். மேடையில் அக்கா மகள் கோசிகாவைத் தூக்கிச் சுற்றுகிறாள். பத்து கொடுத்தவர்கள்தான் எல்லாரிலும் பலமாகக் கைதட்டுகிறார்கள்.