மந்திரியின் மச்சான்

"உந்தக் கள்ளனை உன்ரை காரிலை ஏத்தப்போறியோ?" என்று கேட்டார் எலியாஸ், அல்பிரட்டின் நெடுநாள் கூட்டாளி.

"கொம்பனி சொன்னால் பேயையும் ஏத்தத்தான் வேணும். ஆனால் இறக்கிறதுக்கு முன்னம் நாலு கேள்வி கேட்டிட்டுத்தான் விடுவன்" என்றார் அல்பிரட்.

ஒஸ்லோவில் மீன்பிடி மாநாடு. வருகிற பெரியவர்களை விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விடுவது அல்பிரட்டின் வேலை. அவர் பங்குக்கு விழுந்தவர் மால்டாவின் மீன்பிடி மந்திரி சென்சு.

சென்சுவின் அரசியல் வாழ்க்கை அல்பிரட்டுக்குத் தலைகீழ்ப் பாடம். அல்பிரட்டின் மகள் யூலியா மால்டாவில் இருக்கிறாளே. சென்சு சுகாதார மந்திரியாக இருந்தபோது ஒரே ஆஸ்பத்திரியை மூன்று தேர்தலுக்கும் திறந்து வைத்தார். கட்டில்தான் இன்னும் வரவில்லை. இரண்டு முறை பதவி விலகி, இரண்டு முறையும் தொலைக்காட்சியில் அழுதார். கண்ணீர் காய்வதற்குள் வேறு அமைச்சு கிடைத்தது. கடைசியாக, மனைவியின் தம்பியைத் துறைமுகத்துக்குத் தலைவராக்கினார். அந்த மச்சானுக்குக் கப்பலில் ஏறினாலே தலை சுற்றுமாம்.

அல்பிரட்டுக்கு எரிச்சல் அந்த மச்சான் மேல்தான். யூலியாவின் புருஷன் தனுஷனும் எலியாஸின் மகள் பிரியந்தினியும் மால்டாவில் ஒரே இடத்தில், நோர்வே வாடிக்கையாளரோடு தொலைபேசியில் கதைக்கும் வேலை பார்த்தவர்கள். அந்தக் கொம்பனியை மூடிவிட்டார்கள். இரண்டு பேரும் துறைமுகத்தில் வேலை கேட்டுப் போனார்கள். மச்சான் தன் கூட்டாளிமாருக்குக் கொடுத்துவிட்டான். யூலியாவுக்கு இது ஏழாம் மாதம். தனுஷனுக்கு வேலை கிடைக்காவிட்டால், ஒஸ்லோ அம்மருட்டில் அல்பிரட்டின் வீட்டுச் சின்ன அறைக்குத்தான் எல்லாரும் வந்து சேர வேண்டும்.

"எங்கடை பிள்ளையளின்ரை வயித்திலை அடிச்சவன். நல்லாக் கேள்" என்றார் எலியாஸ்.

மந்திரி வருகிற அன்று காலை, அல்பிரட்டின் மனைவி மேரியம்மா வேறு மாதிரிச் சொன்னாள். "சண்டை பிடிக்கிறதை விட்டிட்டு மருமோனுக்கு ஒரு வேலை கேளுங்கோவன்."

"அவனிட்டை நான் கையேந்திறதோ? செத்தாலும் மாட்டன்."

மந்திரி வந்து பின்னால் ஏறினார். வழியெல்லாம் அல்பிரட் தன் கேள்வியை மனதுக்குள் ஆங்கிலத்தில் தட்டி நிமிர்த்திக்கொண்டே ஓட்டினார்.

சென்ட் ஒலாவ் கோயிலைக் கடக்கும்போது, பழக்கதோஷத்தில் அவர் கை தானாக எழுந்து சிலுவை அடையாளம் போட்டது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு கையும் அதையே செய்துகொண்டிருந்தது.

"நீங்களும் கத்தோலிக்கரா?" மந்திரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓம் சேர். உங்களிட்டை ஒரு விஷயம் கேக்கலாமோ?"

"தாராளமாக."

அல்பிரட் தொண்டையைச் செருமினார். கேட்க நினைத்தது மச்சானைப் பற்றி. வாயில் வந்தது மருமகனைப் பற்றி.

கார் ஹோட்டல் வாசலுக்குப் போவதற்குள் மந்திரி தன் மச்சானுக்குப் போன் போட்டுக் கதைத்து முடித்துவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, எலியாஸ் அல்பிரட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, கள்ளனிட்டை நல்லாக் கேட்டனியோ?"

"அப்பிடிச் சொல்லாதை எலியாஸ். தங்கமான மனுசன். எதிர்க்கட்சிக்காரர்தான் இல்லாத பொல்லாத கதையெல்லாம் கட்டிவிட்டிருக்கினம்."

"அப்ப மச்சானுக்குப் பதவி குடுத்தது?"

"சொந்தச் சனத்தைப் பாக்கத் தெரியாதவன் நாட்டை என்னெண்டு பாக்கிறது?"

எலியாஸ் கோப்பியைக் கலக்கினார். "தனுஷனுக்குத் துறைமுகத்திலை வேலை கிடைச்சிட்டுதாம். உன்ரை மனுசிதான் சொன்னவ."

"ஓம். திங்கக்கிழமை துவங்குது."

எலியாஸ் கிட்ட வந்து குரலைத் தணித்தார். அவருக்கு வாய் கூசியது. ஆனாலும் பெற்ற மனம்.

"அப்ப என்ரை பிரியந்தினிக்கும் அவரிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடன்."

அல்பிரட் கோப்பையை மேசையில் வைத்தார். மிகவும் மனம் நொந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"என்ன எலியாஸ், நீயே இப்பிடிக் கேக்கலாமோ? அதுக்குப் பேர் ஊழலெல்லோ."